பேசும் நரியும் பறக்கும் குதிரையும் பிள்ளைகளைக் கெடுக்குமா?

மாயாஜாலக் கதைகள் குழந்தைகளுக்கு நல்லதா, கெடுதலா என்று கேட்டு வந்த கடிதங்களில் அதிகம் பேர் எழுப்பிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். குழந்தை உளவியலும் சிறார் கல்வியும் அறிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. கதை கேட்டால்தான் தூங்குவாள். "பேசுற நரி, பறக்குற குதிரைன்னு சொல்லிச் சொல்லி, பிள்ளைக்கு நிஜம் எது பொய் எதுன்னே தெரியாமப் போகப்போகுது. நாளைக்கு வாயைத் திறந்தா பொய்தான் வரும்" என்கிறார் மாமனார். அவர் சொல்வது சரியா?

உங்கள் மாமனாரின் கவலை புரிகிறது. ஆனால் நிஜத்தையும் நினைப்பையும் பிரித்துப் பார்க்கும் அறிவு, பெரியவர்கள் எண்ணுவதைவிடச் சீக்கிரமே வந்துவிடுகிறது. ஹென்றி வெல்மன், டேவிட் எஸ்டெஸ் என்ற ஆய்வாளர்கள் 1986இல் சின்னப் பிள்ளைகளிடம் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். ஒரு பையன் கையில் பிஸ்கட் இருக்கிறது. இன்னொரு பையன் பிஸ்கட்டை நினைத்துக்கொண்டு மட்டும் இருக்கிறான். யாருடைய பிஸ்கட்டைத் தொடலாம், யாருடையதைத் தின்னலாம்? மூன்று வயதுப் பிள்ளைகளே பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள்.

தெரிந்திருந்தாலும் பயம் வரத்தான் செய்யும். பால் ஹாரிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1991இல் நாலு வயது, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் காலிப் பெட்டியைக் காட்டி, "இதற்குள் ஒரு ராட்சசன் இருப்பதாக நினைத்துக்கொள்" என்றார்கள். அது சும்மா என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கேட்டால் சொல்லவும் செய்தார்கள். ஆனாலும் ஆய்வாளர் அறையை விட்டு வெளியே கிளம்பியபோது சில பிள்ளைகள் அவரைப் போக விடவில்லை. பேய்ப் படம் பார்த்த இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு நடக்கும் பெரியவர்களின் நிலையும் இதுதான். எனவே குழந்தை பயப்படுவதை வைத்து, அது கதையை நிஜமென்று நம்பிவிட்டதாக முடிவுகட்ட வேண்டாம்.

குழப்பத்தை உண்டாக்குவது பெரும்பாலும் நம்முடைய மிரட்டல். "சாப்பிடலேன்னா பூதம் தூக்கிட்டுப் போயிடும்" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொல்லும்போது அங்கே கதை முடிந்து தகவல் ஆரம்பித்துவிடுகிறது. கிருமி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது என்று நாம் சொன்னால் நம்புகிற பிள்ளை, பூதத்தையும் அதே நியாயப்படி நம்பும். ஆகவே சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் பூதத்தைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள். "நிஜமா அம்மா?" என்று மகள் கேட்டால், "நீ என்ன நினைக்கிறே?" என்று முதலில் கேளுங்கள். பிறகு, "கதையில நரி பேசும், வெளியில பேசாது" என்று ஒரே வரி. நீளமாக விளக்கினால் கதைச் சுவைதான் கெடும்.

பொய் விஷயம் தனி. தனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று மூன்று, நாலு வயதில் பிள்ளைக்கு மெல்லப் புரிகிறது. அந்தப் புரிதலோடுதான் பொய்யும் வருகிறது. கதையே கேட்காத பிள்ளையும் சொல்லும். கதை இதில் உதவக்கூட முடியும், எந்தக் கதை என்பதைப் பொறுத்து. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீ குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று சொன்னதை ஒளிந்து எட்டிப் பார்த்த தவற்றை ஒப்புக்கொள்கிறார்களா என்று சோதித்தார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் பொம்மையின் கதையும், "ஓநாய் வருது" என்று ஏமாற்றிய பையனின் கதையும் பலன் தரவில்லை. மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டதற்காக அப்பாவிடம் பாராட்டு வாங்கிய பையனின் கதையைக் கேட்டவர்கள்தான் அதிகம் உண்மை சொன்னார்கள். அதே கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றிச் சொன்னபோது பலன் மறைந்துபோனது.

கேள்வி: ஐந்து வயது மகன், சூனியக்காரி வரும் படம் பார்த்ததிலிருந்து தனியாகப் படுப்பதில்லை. அதெல்லாம் இல்லவே இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சில நாள் நடுராத்திரியில் அலறுகிறான்.

ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெரும்பாலும் தோற்றத்தைப் பார்த்தே பயப்படுகிறார்கள். நல்ல மனிதர் ஒருவர் பச்சை நிற ராட்சதனாக மாறும் தொலைக்காட்சித் தொடரை வைத்து ஸ்பார்க்ஸ், கேன்டர் இருவரும் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாறிய பிறகும் அவர் நல்லவர்தான், பிறரைக் காப்பாற்றுகிறார். பெரிய பிள்ளைகளுக்கு அது புரிந்தது. சின்னவர்களோ அவர் உருமாறும் காட்சியில்தான் மிகவும் பயந்தார்கள். கண் முன் நிற்கும் கோர முகத்தின் முன் "இல்லவே இல்லை" என்ற வாதம் எடுபடாது. எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் விளக்கம் வேலை செய்யும். அதற்குக் கீழே அணைப்பு, பிடித்துக்கொள்ள ஒரு பொருள், சின்ன விளக்கு, கவனத்தைத் திருப்பும் ஒரு வேலை.

நல்ல பலன் தந்த ஒரு வழி இருக்கிறது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் குஷ்னிர், சடே இருவரும் இரவுப் பயம் உள்ள நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாய்க்குட்டிப் பொம்மை கொடுத்தார்கள். சிலரிடம், இது உன்னைக் காக்கும் என்றார்கள். மற்றவர்களிடம், இந்தக் குட்டிக்குப் பயமாக இருக்கிறது, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். 2012இல் வெளியான முடிவின்படி இரண்டு விதத்திலும் பயம் குறைந்தது. கற்பனையால் வந்த பயத்துக்குக் கற்பனையே மருந்தானது. வீட்டில் செய்வதானால், பொம்மையைப் பகலிலேயே கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு, அழுகைக்கு நடுவே கொடுத்தால் அது வெறும் பொம்மையாகத்தான் இருக்கும். படுக்கும்போது, "குட்டிக்கு என்ன சொல்லித் தூங்க வைக்கப்போறே?" என்று கேளுங்கள். சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும்.

பகலில் அந்தச் சூனியக்காரியை வரையச் சொல்வதும் நல்லது. வரைந்த பிறகு தொப்பியில் பூ வைக்கட்டும், பல்லைப் பிடுங்கட்டும். பயமுறுத்தியதைத் தன் கையால் மாற்றுவதுதான் முக்கியம். செய்யக் கூடாதது, ஒவ்வோர் இரவும் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் டார்ச் அடித்துத் தேடுவது. ஒருமுறை அவனே பார்க்கட்டும். தினமும் நீங்கள் தேடினால், தேட வேண்டிய ஏதோ இருக்கிறது என்றுதான் அவனுக்குப் படும்.

நடுராத்திரி அலறல் இரண்டு வகை. கெட்ட கனவு இரவின் பிற்பகுதியில் வரும். குழந்தை முழித்துக்கொள்ளும், உங்களை அடையாளம் தெரியும், கனவைச் சொல்லும். அணைத்துச் சமாதானப்படுத்துங்கள். தூக்க அலறல் என்பது தூங்கி ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வரும்; கண் திறந்திருக்கும், வேர்க்கும், உங்களையே தள்ளிவிடும், காலையில் எதுவும் நினைவிருக்காது. அப்போது எழுப்பக் கூடாது; எழுப்பினால் இன்னும் மிரளும். அடிபடாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். தூக்கக் குறைவும் காய்ச்சலும் இதைத் தூண்டும். அதனால் அரை மணி நேரம் முன்னதாகப் படுக்க வைத்துப் பாருங்கள். பயம் பல வாரங்கள் குறையாமல், பள்ளிக்குப் போவதையும் சாப்பாட்டையும் பாதித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பறக்கும் சாகச நாயகனின் உடையைப் போட்டுக்கொண்டு ஆறு வயதுப் பையன் மேசையிலிருந்து குதிக்கிறான். கதைப் புத்தகங்களை எல்லாம் எடுத்து ஒளித்து வைத்துவிடலாமா?

புத்தகத்தை ஒளிக்க வேண்டாம், மேசையைக் கவனியுங்கள். ஆபத்து நிஜமானது. சாகச நாயக உடை அணிந்திருந்தபோது பலத்த காயம்பட்ட 5 குழந்தைகளைப் பற்றிப் பிரிட்டனில் மருத்துவர்கள் 2007இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். "நீ பறக்க முடியுமா?" என்று நிதானமாகக் கேட்டால் ஆறு வயதுப் பையன் முடியாது என்பான். ஓடி விளையாடும் வேகத்தில் அந்த அறிவு பின்னுக்குப் போய்விடுகிறது. அதற்குத் தகுந்தபடிதான் ஏற்பாடு இருக்க வேண்டும்.

சன்னல், மாடிச் சுவர், மாடிப்படி, இவற்றின் பக்கத்தில் ஏறக்கூடிய நாற்காலி, கட்டில் எதுவும் இருக்கக் கூடாது. சன்னலுக்குக் கம்பி அல்லது முழுதாகத் திறக்காதபடி தடுப்பு வேண்டும். முதுகுத் துணியைக் கழுத்தில் முடிச்சுப் போடாதீர்கள். எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். இழுத்தால் பிரிந்துவரும் ஒட்டுப்பட்டை வைத்துத் தோள்பட்டையில் தையுங்கள். விதி ஒன்றே ஒன்று போதும்: "பறக்கிறது தரையிலதான்." உடை போடும்போதெல்லாம் அதை அவன் வாயால் சொல்ல வேண்டும். தரையில் மெத்தை போட்டு, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத இடத்திலிருந்து குதிக்கவிட்டால் ஆசையும் அடங்கும்.

பெரிய கவலை சண்டைதான். ஆல்பர்ட் பாண்டுரா 1963இல் வெளியிட்ட ஆய்வில், பொம்மையை அடிப்பதை நேரில் பார்த்த பிள்ளைகளும், படத்தில் பார்த்த பிள்ளைகளும், பூனை வேடமிட்ட கார்ட்டூன் பாத்திரம் அடிக்கப் பார்த்த பிள்ளைகளும் பார்க்காதவர்களைவிட அதிகம் அடித்தார்கள். கற்பனைப் பாத்திரம் என்பதால் அந்தப் பாதிப்பு இல்லாமல் போகவில்லை. சாரா கொய்ன் குழுவினர் 2017இல் வெளியிட்டதும் யோசிக்க வைக்கிறது: சாகச நாயகர்களில் மிகவும் மூழ்கியிருந்த சின்னப் பிள்ளைகளிடம் ஓராண்டு கழித்து அடிதடி கூடுதலாக இருந்தது, பிறருக்கு உதவும் குணம் கூடவில்லை. நாயகன் எதற்காக அடித்தான் என்பது இந்த வயதில் மனதில் நிற்பதில்லை, அடித்தது நிற்கிறது. அதனால் படம் முடிந்ததும், "அந்த ஆளை அடிக்காம வேற எப்படித் தடுத்திருக்கலாம்?" என்று கேளுங்கள். விளையாட்டிலும் தீயணைப்பது, காயம்பட்டவரைத் தூக்கி வருவது, மறைந்ததைத் தேடுவது போன்ற வேலைகளை நாயகனுக்குக் கொடுங்கள்.

கேள்வி: மாண்டிசோரி அம்மையார் ஆறு வயதுவரை மாயக் கதையே வேண்டாம் என்றாராமே? எங்கள் வீட்டில் நிஜ உலகைப் பற்றிய புத்தகம் மட்டும்தான் வாங்குகிறோம்.

சின்னக் குழந்தைக்கு முதலில் நிஜ உலகைக் கையால் தொட்டு அறியும் அனுபவம் வேண்டும், மாயக் கதை பிறகு வரட்டும் என்பது இத்தாலியக் கல்வியாளரான மாண்டிசோரியின் கொள்கை. அதில் பாதியை நாங்கள் மனமார ஏற்கிறோம். எறும்பையே பார்க்காத பிள்ளைக்கு எறும்பு ராஜா கதையில் என்ன சுவை இருக்கும்? இரண்டு, மூன்று வயதில் வாங்கும் புத்தகங்களில் பெரும்பகுதி நிஜப் பொருள், நிஜ விலங்கு, அன்றாட வேலை என்று இருப்பது நல்லதுதான்.

முழுக்கத் தடுப்பதோ நடக்காத காரியம். 1920களில் சோவியத் நாட்டில் மாயக் கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று கல்வியாளர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். கவிஞர் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி எழுதிய முதலைப் பாடலை லெனினின் மனைவி குரூப்ஸ்காயா 1928இல் பிராவ்தா நாளிதழில் தாக்கி எழுதினார். சுக்கோவ்ஸ்கி தன் தரப்புக்கு எடுத்துக்காட்டியவற்றில் ஒன்று, மாயக் கதை கூடாது என்ற கொள்கையுள்ள ஒரு கல்வியாளர் தன் மகனைப் பற்றி எழுதிய நாட்குறிப்பு. கதையே சொல்லாமல் வளர்த்த அந்தப் பையன், தன் அறையில் சிவப்பு யானை குடியிருக்கிறது என்றான். நாற்காலியில் கரடி உட்கார்ந்திருக்கிறது, அதில் உட்காராதே என்று அம்மாவையே தடுத்தான்.

பாவனை விளையாட்டு ஒன்றரை, இரண்டு வயதிலேயே தானாகத் தொடங்குகிறது. நாம் கதை சொல்லாவிட்டாலும் பிள்ளை கதை கட்டும். சொன்னால் அதற்குச் சொல்வளமும் தொடக்கம், சிக்கல், முடிவு என்ற ஒழுங்கும் கிடைக்கும். அதைத் தடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

கேள்வி: பழைய கதைகளில் கொடுமைக்காரச் சித்தி, கண்ணைப் பிடுங்குவது, அடுப்பில் தள்ளுவது எல்லாம் வருகிறதே. மாற்றிச் சொல்லலாமா?

தாராளமாக மாற்றலாம். தொகுத்தவர்களே மாற்றித்தான் இருக்கிறார்கள். ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில், கண்ணாடியிடம் அழகைக் கேட்டுக்கேட்டு இளவரசியைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். 1857இல் வந்த ஏழாம் பதிப்புவரை திருத்தம் நடந்துகொண்டேதான் இருந்தது. எனவே சித்தியுடன் வாழும் பிள்ளைக்குக் கதை சொல்லும்போது அந்தப் பாத்திரத்தை அரண்மனைக்காரி, மந்திரவாதி என்று மாற்றிவிடுங்கள். எதுவும் குறைந்துபோகாது.

கொடூரத்தில் ஒரு கணக்கு வையுங்கள். ஆபத்து இருக்கட்டும், அதன் வர்ணனை வேண்டாம். "ராட்சசன் துரத்தினான்" சரி. ரத்தம் எப்படி வழிந்தது என்பது தேவையில்லை. ஆபத்தையே எடுத்துவிட்டால் தப்பிக்கும் மகிழ்ச்சியும் போய்விடும், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். வாய்மொழியாகச் சொல்வதில் உள்ள பெரிய வசதி, முகத்தைப் பார்த்து அளவை மாற்றலாம். தோளை ஒடுக்கி, உங்கள் கையைப் பற்றினால் ராட்சசனின் குரலைத் தணித்து, இரண்டு வரியில் காட்டைக் கடக்க வையுங்கள். காதைப் பொத்தினால் அங்கேயே நிறுத்தி, "கடைசியில எல்லாரும் பத்திரமா வந்துட்டாங்க, எப்படின்னு சொல்லட்டுமா?" என்று முடிவை முதலில் சொல்லிவிடுங்கள். தூங்கும் நேரத்தில் மட்டும் கதையைப் பாதியில், அதுவும் ராட்சசன் கதவைத் தட்டும் இடத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: நான் மழலையர் பள்ளி ஆசிரியை. பகிர்ந்து உண்ணல், நேர்மை எல்லாவற்றுக்கும் விலங்குக் கதைகளைத்தான் பயன்படுத்துகிறேன். சரிதானா?

குறிப்பிட்ட ஒரு பழக்கத்தை வகுப்பில் பார்க்க வேண்டும் என்றால் மனிதப் பாத்திரம் உள்ள கதையை எடுங்கள். டொராண்டோவில் நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்வு பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாக வாசித்துக் காட்டினார்கள். ஒன்றில் மனிதர்கள், மற்றதில் ஆடை அணிந்த விலங்குகள். மனிதர் கதை கேட்டவர்கள் பிறகு கூடுதலாக ஸ்டிக்கர்களைப் பகிர்ந்துகொண்டார்கள். விலங்குக் கதை கேட்டவர்களிடம் அந்த உயர்வு இல்லை. "அது முயல் செஞ்சது, எனக்கென்ன" என்ற இடைவெளி சின்ன வயதில் பெரிது. விலங்குக் கதைதான் கையில் இருக்கிறதென்றால், படித்து முடித்ததும் "நம்ம வகுப்புல இப்படி எப்போ நடந்தது?" என்று கேட்டு நிஜத்துக்கு இறக்குங்கள்.

அறிவியல் பாடத்துக்கும் இதே எச்சரிக்கை. சட்டை போட்டுப் பேசும் விலங்கைக் காட்டி விலங்கின் உணவையும் வாழிடத்தையும் கற்பித்தால், பிள்ளைகள் உண்மைத் தகவலைக் குறைவாகவே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் புதுச் சொற்கள் கற்பிக்க மாயக் கதை அருமையான கருவி. 2015இல் டீனா வைஸ்பெர்க் குழுவினர் செய்த ஆய்வில் நிஜக் கதையைவிட மாயக் கதை வழியாகப் பிள்ளைகள் சொற்களை நன்றாகக் கற்றார்கள்.

கேள்வி: புத்தகத்தில் படிப்பதும் கார்ட்டூனில் பார்ப்பதும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. ஏஞ்சலின் லில்லார்டும் ஜெனிஃபர் பீட்டர்சனும் 2011இல் 60 நாலு வயதுப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வேகமான மாயக் கார்ட்டூனை 9 நிமிடம் பார்த்தது; ஒன்று நிதானமான கல்வி நிகழ்ச்சி பார்த்தது; ஒன்று படம் வரைந்தது. உடனே வைத்த சோதனைகளில், காத்திருப்பது, சொன்னதை மனதில் வைத்துச் செய்வது போன்றவற்றில் கார்ட்டூன் குழு பின்தங்கியது. 2015இல் வந்த தொடர் ஆய்வில், வேகத்தைவிடத் திரையில் அடுத்தடுத்து வரும் நடக்கவே முடியாத நிகழ்ச்சிகளே காரணம் என்று தெரிந்தது. கல்வி நிகழ்ச்சி என்ற பெயரில் வரும் மாயக் கார்ட்டூனும் அதே களைப்பைத் தந்தது. அதே நிகழ்ச்சியின் கதையைப் புத்தகமாகப் படித்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. புத்தகத்தில் வேகம் பிள்ளை கையில் இருக்கிறது: பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம், நிறுத்திக் கேட்கலாம்.

இது பார்த்த உடனே ஏற்படும் பாதிப்பு. நிரந்தரக் கேடு என்று ஆய்வு சொல்லவில்லை. ஆனாலும் பள்ளி கிளம்பும் முன்னும் வீட்டுப்பாடத்துக்கு முன்னும் கார்ட்டூன் வேண்டாம். இரண்டு வயது முதல் நாலு வயதுவரை எல்லாத் திரையும் சேர்ந்து நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரையறை.

கேள்வி: 13 வயது மகள் மந்திர உலக நாவல்களிலேயே மூழ்கிக் கிடக்கிறாள்.

தடித்த நாவல்களை விடாமல் படிக்கும் பிள்ளையைக் குறித்துச் சந்தோஷப்படுங்கள். சாப்பிட வருகிறாளா, தோழிகளோடு பேசுகிறாளா, தூங்குகிறாளா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள். பகற்கனவிலேயே மணிக்கணக்கில் இருந்து, வெளியே வர விரும்பியும் முடியாமல், படிப்பும் நட்பும் கெடும் நிலை வேறு. எலி சோமர் என்ற உளவியலாளர் 2002இல் அதை விவரித்தார். அதற்கு ஆலோசகரைப் பாருங்கள். நாவலைப் பிடுங்கினால் அது நிற்காது, ஏனெனில் பெரும்பாலும் தனிமையோ மனவலியோ அடியில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அவள் படிக்கும் நாவலை நீங்களும் ஒன்று படித்து, அவளுக்கு யாரைப் பிடிக்கும், ஏன் என்று கேட்பது நல்ல வழி.

கேள்வி: மூன்றரை வயதுப் பேத்தி, கண்ணுக்குத் தெரியாத ஒரு தோழியோடு பேசுகிறாள். அவளுக்கும் தட்டு வைக்கச் சொல்கிறாள்.

கவலைப்பட எதுவுமில்லை. மார்ஜரி டெய்லர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் 65 சதவீதப் பிள்ளைகளுக்கு இப்படிக் கற்பனைத் தோழரோ உயிருள்ளதாகப் பாவிக்கும் பொம்மையோ இருந்திருக்கிறது. தட்டு வையுங்கள், ஆனால் பரிமாறுவதும் தோழி சார்பில் பேசுவதும் பேத்தியின் வேலையாகவே இருக்கட்டும். நீங்களாக அந்தத் தோழிக்குக் குரல் கொடுக்காதீர்கள். பாலைக் கொட்டியது அவள்தான் என்று பழி போட்டால், "சரி, ரெண்டு பேரும் சேர்ந்து துடைங்க" என்று துணியைக் கொடுங்கள். அந்தத் தோழி தன்னை அடிக்கிறாள், கெட்டது செய்யச் சொல்கிறாள், நிறுத்தச் சொன்னாலும் போகமாட்டேன் என்கிறாள் என்று பேத்தி பயத்தோடு சொன்னால் மட்டும் குழந்தை உளவியலாளரிடம் அழைத்துப் போங்கள்.